பதினெட்டாம் குழியருகே ஒரு காசு

காசைத் திருப்பி வைத்தேனா? பந்தை வைத்தாயிற்று. பந்துக்குப் பின்னால் காசு இருக்கிறது, காசின் மேல் என் விரல் இருக்கிறது, அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து நின்று அடிப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து இந்தக் கேள்வி வந்து கையைப் பிடித்துக்கொண்டது. குழி ஏழடி தூரத்தில் இருக்கிறது. ஏழடி என்றால் எங்கள் வீட்டுக் கட்டிலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பந்து அந்த ஏழடியை உருண்டு குழிக்குள் விழுந்தால் நான் ஜெயித்துவிட்டேன். விழாமல் பக்கத்தில் நின்றால் மிருதுளாவும் நானும் சமம். காசு தப்பான இடத்தில் இருந்து, நான் அது தெரியாமல் அங்கிருந்தே அடித்தால் எனக்கு இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், அடித்த எண்ணிக்கையில் இரண்டு கூடிவிடும், குறைவாக அடித்த மிருதுளாவுக்குக் கோப்பை. மூன்றும் இப்போது இந்த ஒரு விரலுக்கு அடியில் இருக்கின்றன. நெஞ்சு அடித்துக்கொள்கிற வேகத்தில் சட்டைப் பித்தான் ஆடுகிறதோ என்று குனிந்து பார்த்தேன், ஆடவில்லை. இது பயமில்லை. பயமும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் மேலே சந்தோஷம் பால் பொங்குவது மாதிரி விளிம்புக்கு வந்து நிற்கிறது. இதுதான் என் கடைசி கோல்ஃப் போட்டி என்று போன மாதமே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. கடைசிப் போட்டியில், கடைசி நாளில், கடைசிக் குழியருகில், ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜெயிப்பதற்கு ஏழடி தூரத்தில் இருக்கிறாள். யாருக்குக் கிடைக்கும்? அனுபவி ஜெசிந்தா, அனுபவி. அனுபவிக்கலாம்தான், காசைத் திருப்பி வைத்தேனா என்று மட்டும் தெரிந்துவிட்டால்.

என் தங்கைக்கு ஒருமுறை இந்தக் காசு விவகாரத்தை விளக்கிச் சொன்னேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் இருக்கிறதல்லவா, அதற்கு கிரீன் என்று பேர், அங்கே உன் பந்து அடுத்தவருடைய பாதையில் கிடந்தால் அதன் பின்னால் ஒரு காசை வைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். சரி என்றாள். அந்தக் காசே அடுத்தவர் பந்து உருண்டு வருகிற வழியில் இருந்தால், மட்டையின் தலையை அதன் பக்கத்தில் வைத்து, அந்தத் தலை நீளத்துக்குக் காசைத் தள்ளி வைக்கலாம். அதற்கும் சரி என்றாள். அவர் அடித்து முடித்ததும் அதே அளவுக்கு அளந்து பழைய இடத்துக்கே காசைத் திருப்பி வைக்க வேண்டும், மறந்துபோய் அங்கிருந்தே அடித்தால் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் என்றேன். ஒரு உள்ளங்கை அகலத்துக்கா இத்தனை கலாட்டா என்று கேட்டுவிட்டு அவள் தோசையைத் திருப்பினாள். அந்த உள்ளங்கை அகலத்தில்தான் இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். தள்ளி வைத்தது நிச்சயம். மிருதுளாவின் பந்து எனக்குப் பின்னால் வெகு தூரத்தில் இருந்தது, அது வருகிற வழியில் என் காசு பளபளத்தது, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா அக்கா என்று அவள் கேட்டாள், நான் மட்டையைப் புல்லில் வைத்தேன், தூரத்தில் தெரிகிற வெள்ளைத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராகத் தள்ளினேன். எதற்காவது நேராகத் தள்ளினால்தான் அதே கோட்டில் திரும்பி வர முடியும், அது பழக்கம். தண்ணீர்த் தொட்டி ஞாபகம் இருக்கிறது. தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த காக்காய்கூட ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு காட்டெருமை வந்துவிட்டது.

மலை மைதானத்தில் காட்டெருமை வருவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் பதினெட்டாவது கிரீனுக்கு, கடைசி நாள் சாயங்காலம், டி.வி. கேமரா இருக்கும்போது, இதுவரை வந்ததில்லை. கற்பூர மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்ன லாரி மாதிரி வந்தது. கால் நான்கும் வெள்ளைக் காலுறை போட்டது போல முழங்கால் வரை வெளுப்பு. மணல் பள்ளத்தின் ஓரம் வந்து நின்று மிருதுளாவைப் பார்த்தது. மிருதுளா தூக்கிய மட்டையை அப்படியே கீழே இறக்கினாள். நடுவர் கர்னல் சோமையா பட்டாளத்தில் முப்பது வருஷம் இருந்தவர், அவரே எல்லோரையும் மெதுவாகப் பின்னால் வரச் சொல்லிக் கையை ஆட்டினார். எல்லோரும் பின்வாங்கினோம். கூட்டம் மொத்தமும் செல்போனைத் தூக்கிப் பிடித்தது. அது எங்களைப் பற்றி ஒன்றும் நினைக்காமல் கிளப் வாசலுக்குப் போய் அங்கே வரிசையாக வைத்திருந்த சாமந்தித் தொட்டிகளை ஒன்றன் பின் ஒன்றாகத் தின்ன ஆரம்பித்தது. சாமந்தி தின்கிற வரைக்கும் நம்மைத் தின்னாது என்று என் வீட்டுக்காரர் விக்டர் மாஸ்டர் சொன்னார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. மிருதுளா அடித்தாள், பந்து குழிக்கு அரை அடி முன்னால் நின்றது, போய்த் தட்டிப் போட்டாள், கைதட்டல் கேட்டது, என் முறை வந்தது. அதன் பிறகு நான் இங்கே இருக்கிறேன், பந்து இங்கே இருக்கிறது, விரல் காசின் மேல் இருக்கிறது. நடுவில் ஞாபகத்தில் ஒரு துண்டைக் காணோம். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த மாதிரி காணோம்.

பழக்கம் ஒன்று வைத்திருக்கிறேன், இதற்காகவே வைத்திருக்கிறேன். காசைத் தள்ளி வைத்தால் பந்தை இடது பக்கப் பையில் போடுவேன். தள்ளாவிட்டால் வலது பக்கம். அடிக்கப் போகும்போது பந்து இடது பையிலிருந்து வந்தால், கை தானாகவே மட்டையை வைத்து அளக்கப் போய்விடும். சிலர் மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார்கள், சிலர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள், எனக்கு இடது பை. கொல்கத்தாவிலும் கோலாலம்பூரிலும் பாங்காக்கிலும் ஒருநாளும் தவறியதில்லை. இன்று பந்து எந்தப் பையிலிருந்தும் வரவில்லை. காட்டெருமை வந்ததும் நான் பந்தை எடுத்துக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறேன், எறிவதற்கா என்னவோ, தெரியவில்லை. அதைப் பார்த்து மாஸ்டர், குடு, வேர்வையா இருக்கு, துடைச்சுத் தரேன் என்று வாங்கிக்கொண்டார். பந்து அவர் துண்டிலிருந்து என் கைக்கு வந்தது. துண்டுக்கு இடது வலது ஏது? அவரைக் குறை சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷமாக என் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு மலையும் மேடும் நடக்கிற மனிதர். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர், அதனால் நானும் மாஸ்டர் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, கல்யாணம் ஆன பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. பை தூக்குகிறவரை எங்கள் ஆட்டத்தில் கேடி என்பார்கள். முதல்முறை பத்திரிகையில் என் படத்துக்குக் கீழே ஜெசிந்தாவும் அவரது கேடி விக்டரும் என்று போட்டபோது அவருடைய பள்ளிக்கூடமே ஒரு மாதம் சிரித்தது.

இரு, இரு. ஒரு ஞாபகம் வருகிறது. குனிகிறேன், மட்டையின் தலையைக் காசுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், காசை எடுத்து மட்டையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைக்கிறேன், விரலில் புல்லின் ஈரம் படுகிறது. தெளிவாக இருக்கிறது. அப்பாடா. திருப்பி வைத்துவிட்டேன். ஆனால் ஈரம் ஏது? இப்போது சாயங்காலம், வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது, இந்தப் புல் பாய் மாதிரி உலர்ந்து கிடக்கிறது. ஈரம் என்றால் காலையில் ஆடிய மூன்றாவது குழியாக இருக்கும். அல்லது நேற்றைய காலை. அல்லது மழைக்கு நடுவே ஆடிய மலேசியா. எத்தனை ஆயிரம் தடவை குனிந்து காசைத் திருப்பி வைத்திருப்பேன், அத்தனையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன, மேலிருந்து ஒன்றை உருவினால் அது இன்றையதா என்று எப்படித் தெரியும்? காலையில் பல் துலக்கினோமா என்று யோசித்தால் பல் துலக்குகிற ஞாபகம் வரும். அது இன்று துலக்கியது என்று யார் சொன்னது? சரி, வேறு வழியாகப் போகலாம். மிருதுளா தட்டிப் போட்டாள். கைதட்டினார்கள். நானும் தட்டினேனா? மட்டை கையில் இருந்ததால் தொடையில் தட்டினேன். மாஸ்டர் வந்தார், பந்தைக் கொடுத்தார், எருமை ஐந்தாவது தொட்டிக்கு வந்துடுச்சு என்றார். சிரித்தேன். திரும்பி எருமையைப் பார்த்தேன். பார்த்தேன். பிறகு விரல் காசின் மேல். அதே இடத்தில் வந்து முட்டுகிறது, கதவு தெரிகிறது, கைப்பிடி இல்லை.

அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. இதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன், நினைத்தாகிவிட்டது. ஒருநாள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். எல்லோரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தாள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா தட்டைத் தள்ளிவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டார். ஒரு வருஷம் கழித்து அவள் என்னைப் பார்த்து, நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா என்று மரியாதையாகக் கேட்டாள். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, நான் பாதி நாள் வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தேன். போன வாரம் என் மூக்குக் கண்ணாடி அரிசி டப்பாவுக்குள் இருந்தது. நான் தேடிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் டப்பாவிலிருந்து எடுத்து, தவிட்டை ஊதிவிட்டு, மேசை மேல் செய்தித்தாளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கதான இருக்கு, கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு தேடுறியே என்றார். அவர் எடுத்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். பார்த்ததாகச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இதுதான் கடைசிப் போட்டி என்று நான் அறிவித்தபோது முட்டிவலி என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். முட்டி வலிக்கிறதுதான். முட்டியால்தான் கோல்ஃபுக்கே வந்தேன். கல்லூரியில் ஹாக்கி ஆடியவள், முன்வரிசை, காற்று மாதிரி ஓடுவேன், ஒரு மோதலில் முட்டி போயிற்று, இனிமேல் நடக்கலாம், ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நடந்தே ஆடுகிற ஆட்டம் ஏதாவது இருக்கிறதா டாக்டர் என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடுகிறவர், சிரித்துவிட்டு, இருக்கிறது என்றார். ஹாக்கி மட்டை வீசுகிற மாதிரியே வீசினேன், பந்து பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் விழுந்தது. அந்தச் சத்தம், மட்டையின் நடுவில் பந்து பட்டால் வருகிற அந்தச் சத்தம், உலகத்தில் வேறு எதிலும் இல்லை. அதைக் கேட்பதற்காகவே இத்தனை வருஷம். இன்று பதினெட்டாவது குழியின் முதல் அடியிலும் அதே சத்தம் கேட்டது, மிருதுளாவே திரும்பிப் பார்த்தாள்.

மூச்சை இழுத்துவிடு. கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் நேரமிருக்கிறது, அதிகமில்லை. யோசிக்காமல் அடித்துவிட்டால் என்ன? காசை எடு, எழுந்திரு, அடி. இங்கே இருக்கிற அறுபது எழுபது பேரும் சாமந்தி தின்கிற எருமையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், டி.வி. கேமராக்காரரும்தான், நான் பார்த்தேன். நான் திருப்பி வைத்தேனா இல்லையா என்பதற்கு இந்த மலையில் ஒரு சாட்சியும் கிடையாது. பந்து உள்ளே போனால் கோப்பை. எனக்கே தெரியாத ஒன்றை நான் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? சரியான கேள்வி, இதைப் பாடத்தின் கடைசியில் சேர்க்கலாம். என்னைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. யாரோ தனியார் பள்ளிகளுக்குப் போடுகிற ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில், மனசாட்சி என்னும் நடுவர் என்று தலைப்பு. மலேசியாவில் நான் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தபோது பந்து ஒரு மயிரிழை அசைந்தது, யாரும் பார்க்கவில்லை, நான் சொன்னேன், ஒரு ஸ்ட்ரோக் சேர்த்தார்கள், அதனாலேயே தோற்றேன். பாடத்தில் ஒரு படமும் உண்டு, அதில் நான் மட்டையைத் துடைப்பம் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து அழுகிறேன். ஜெசிந்தா ஏன் கண்ணீர் விட்டார் என்பது மூன்றாவது கேள்வி. நான் கண்ணீரே விடவில்லை. அன்று ராத்திரி மாஸ்டரும் நானும் ஆளுக்கு இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டோம். நான் பதினான்கு போட்டிகள் ஜெயித்திருக்கிறேன், அதைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி இல்லை, தோற்ற ஒரு போட்டியை வைத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இந்த ஆட்டத்தில் அவரவர் தப்பை அவரவரேதான் சொல்ல வேண்டும், எல்லோரும் சொல்கிறோம், வாரத்துக்கு ஒருவர் சொல்கிறோம். அன்றைக்கு நான் தீர்மானம்கூடச் செய்யவில்லை. வாய் சொல்லிவிட்டது, பிறகுதான் எனக்கே கேட்டது. அன்று சுலபம், அசைந்ததைக் கண்ணால் பார்த்தேன். இன்று எதைச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை என்பதைத்தான் சொல்ல முடியும். அதைத்தான் இத்தனை பேர் முன்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் மாஸ்டர் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். நாளைக்குப் பேப்பரில் வரும். பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் மெதுவாகவும் சத்தமாகவும் பேசுவார்கள், அம்மாவிடம் பேசியது மாதிரி.

இப்படியே உட்கார்ந்திருக்கவும் முடியாது, முட்டி கத்துகிறது. மிருதுளா கிரீனின் ஓரத்தில் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பொள்ளாச்சிப் பெண், இருபத்துமூன்று வயது, நான்கு நாளாக என்னோடு சேர்ந்தும் எதிராகவும் ஆடுகிறாள். முதல் நாளே வந்து, உங்க பாடத்துல நான் பத்துக்குப் பத்துங்க அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். என் பந்து உள்ளே போனால் அவள் தோற்றாள். என் காசு தப்பான இடத்தில் இருந்தால் அவள் ஜெயித்தாள். அவளிடம் கேட்பது நியாயமா? ஆனால் மாஸ்டரைக் கேட்டால் கண்ணாடி விஷயத்தில் செய்த மாதிரி என்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், கேட்கக்கூடிய ஆள் அவள்தான், எனக்குக் கிட்டத்தில் நின்றவள் அவள்தான். அவள் முகத்தைப் பார்த்தேன். அதிலே கணக்கு ஒன்றும் ஓடவில்லை. கன்னம் இரண்டும் சிவந்து, பண்டிகைக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தது. என் முகமும் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. வாய் இந்த முறையும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

“மிருதுளா, நான் காசைத் திருப்பி வெச்சேனா?”

மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும், அவ்வளவு அமைதி. மாஸ்டரின் கையில் துண்டு அப்படியே நின்றது. மிருதுளா என்னைப் பார்த்தாள், காசைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது. நான் இப்போது தேடிய அதே கதவை அவளும் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என்ன சொன்னாலும் நம்பிவிடுவது என்று அந்தக் கணமே முடிவு செய்தேன். திருப்பி வைத்தீர்கள் என்றால் இங்கிருந்து, இல்லை என்றால் அங்கிருந்து, அவள் வாயால் வருவதுதான் சட்டம்.

“தெரியலீங்க அக்கா,” என்றாள். “நான் அந்த எருமையத்தானுங்க பாத்துட்டு இருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நானும் அதைத்தான் பாத்தேன், ஏழாவது தொட்டி என்றார். நடுவரைப் பார்த்தோம். கர்னல் சோமையா மீசையை ஒரு தடவை தடவினார், தொப்பியைச் சரி செய்தார், வனவிலங்கின் நடமாட்டத்தைக் கண்காணிப்பதும் நடுவரின் கடமை என்று மிகவும் கம்பீரமாகச் சொன்னார். அப்போது சிரிப்பு வெடித்தது. முதலில் மிருதுளா, அவள் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு கூட்டம், பிறகு நான், குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே சிரித்துச் சிரித்து ஒரு கையைப் புல்லில் ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது, இன்னொரு கையின் விரலைக் காசிலிருந்து எடுக்கவில்லை. யாருக்கும் ஞாபகமில்லை. இருபத்துமூன்று வயசுக்கும் ஞாபகமில்லை, பட்டாளத்துக்கும் ஞாபகமில்லை. அரிசி டப்பாவில் கண்ணாடி இருந்தது இருந்ததுதான், அதை இது அழித்துவிடாது, வீட்டுக்குப் போனதும் மாஸ்டரிடம் நான் பார்த்ததைச் சொல்லிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், போவேன். ஆனால் இந்த ஞாபகத் துண்டு, இன்று சாயங்காலம் காணாமல் போன இந்தத் துண்டு, என்னிடமிருந்து மட்டும் போகவில்லை. அதை அந்த எருமை எல்லோரிடமிருந்தும் சாமந்தியோடு சேர்த்துத் தின்றுவிட்டது. பொங்கி நின்றது இப்போது வழிந்தே விட்டது, உடம்பெல்லாம் லேசாக இருக்கிறது, பதினெட்டு குழி நடந்த உடம்பா இது?

கர்னல் சிரிப்பு அடங்கக் காத்திருந்து விதியைச் சொன்னார். இடம் நிச்சயமாகத் தெரியாவிட்டால், ஆடுகிறவர் தனக்குத் தெரிந்தவரை நேர்மையாக யோசித்து முடிவு செய்ய வேண்டும், அப்படிச் செய்த பிறகு அபராதம் கிடையாது. ஆக, முடிவு மறுபடி என்னிடமே வந்தது. ஆனால் இப்போது அது கனக்கவில்லை, ஒரு விடுகதை மாதிரி இருந்தது. தலை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, சரி, வேறு யார் வைத்திருப்பார்கள்? கால். எருமை வருவதற்கு முன்பே, காசைத் தள்ளுவதற்கும் முன்பே, நான் பந்துக்குப் பின்னால் நின்று பாதை பார்த்தேன். அப்போது வலது கால் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. புல் அங்கே யாருக்கும் தெரியாமல் வலது பக்கம் சரிகிறது, ஒரு பந்து அகலம் இடது பக்கம் குறி வைக்க வேண்டும் என்று மாஸ்டரிடம் சொன்னேன், அவரும் ஆமாம் என்றார். அது அவருக்கு ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பந்து இடது, நல்லா ஞாபகமிருக்கு என்றார். இப்போது எழுந்து நின்று பார்த்தேன். இரண்டு காலும் சமமாக நிற்கின்றன. இங்கிருந்து குழிக்குப் பாதை கோடு போட்டது மாதிரி நேராக இருக்கிறது. சரிவே இல்லை. இங்கிருந்து அடிப்பது எனக்குச் சுலபம், பிள்ளைகூடப் போட்டுவிடும். அதனால்தான் இது என் இடமில்லை.

பந்தை எடுத்தேன். மட்டையின் தலையைக் காசுக்குப் பக்கத்தில் வைத்து, தண்ணீர்த் தொட்டிக்கு முதுகு காட்டி, அளந்து, காசை எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். புல் உலர்ந்திருந்தது. பின்னால் போய் நின்றேன். வலது கால் தாழ்ந்தது. வந்துட்டியா என்று அந்தச் சரிவு கேட்டது போலிருந்தது. இங்கேதான் என்றேன். கர்னல் தலையசைத்தார். மிருதுளாவும், அவளைக் கேட்காமலே, தலையசைத்தாள். பந்தை வைத்து, காசை எடுத்து, வலது பையில் போட்டேன். ஒரு பந்து அகலம் இடது. மெதுவாக. மெதுவாக என்று கைக்குச் சொன்னேன், கை கேட்கிற நிலையில் இல்லை, அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அடித்தேன். பந்து புறப்பட்டது, இடது பக்கம் போனது, பாதி வழியில் சரிவைக் கண்டுபிடித்துத் திரும்பியது, குழியை நோக்கி நேராக வந்தது, கூட்டம் எழுந்தது, நானும் நுனிக்காலில் எழுந்தேன், பந்து குழியின் விளிம்பில் ஏறி, உள்ளே எட்டிப் பார்த்து, ஒரு அரைவட்டம் சுற்றி, வெளியே வந்து நின்றது. ஒரு துளி வேகம் அதிகம். பாதை சரி, இடம் சரி, வேகம்தான் சந்தோஷத்தில் எகிறிவிட்டது. எல்லோரும் உச் கொட்டினார்கள். மாஸ்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் போய்ப் பந்தைத் தட்டி உள்ளே போட்டேன். அது குழிக்குள் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. நாங்கள் சமம்.

சமம் என்றால் என்ன என்று எனக்கு உறைக்க ஒரு கணம் ஆயிற்று. கர்னல் வந்து, இரண்டு பேரும் மறுபடி பதினெட்டாவது குழியின் தொடக்கத்துக்கு, முதல் அடி அடிக்கிற மேட்டுக்குப் போக வேண்டும், யார் முதலில் முந்துகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை, முந்தும் வரை ஆட வேண்டும் என்றார். முந்தும் வரை. அவர் அதை மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார், எனக்குக் களைப்பாக இருக்கும் என்று நினைத்திருப்பார். மறுபடி அந்த மேட்டில் நின்று, மறுபடி பெரிய மட்டையை எடுத்து, மறுபடி அந்தச் சத்தம். மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். வருத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர், பார்த்துவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, நட, நட, என்ன நிக்கிற என்றார். ஆனால் நடக்கத் தேவையில்லை, எங்களைக் கொண்டுபோக மின்சார வண்டி வந்து நின்றது. பின் சீட்டில் மிருதுளாவும் நானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பயமா இருக்கா என்று கேட்டேன்.

“இல்லீங்க அக்கா. நல்லா இருக்குதுங்க,” என்றாள். ஆடுகிற காலைக் கையால் பிடித்துக்கொண்டு, “உங்களை இன்னைக்கு விட மாட்டேனுங்க,” என்றாள்.

விட்டால்தான் எனக்குக் கோபம் வரும் என்றேன். வண்டி மேட்டில் ஏறத் திணறியது. மேகம் விலகி மேடு முழுக்க வெயில் விழுந்திருந்தது, தூரத்தில் குழியின் கொடி காற்றில் இடது பக்கம் படபடத்தது, இடது பக்கம் வீசுகிற காற்று என்றால் நான் கொஞ்சம் வலது பக்கமாக அடித்து வளைத்துக் கொண்டுவர வேண்டும், அது எனக்கு வரும், நன்றாகவே வரும். ஓட்டுகிறவரிடம், தம்பி, இது இவ்வளவு வேகம்தான் போகுமா என்று கேட்டேன். இவ்வளவுதான் போகும் மேடம் என்றார். நான் சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்தேன்.